டே ஆற்றில் அக்டோபர்: சால்மன் பருவத்தின் கடைசி இரண்டு வாரத்துக்குப் போகிறவர்களுக்கு

ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு டே. அங்கே தூண்டிலில் சால்மன் பிடிக்க ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரைதான் அனுமதி. பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களில் இந்தப் பொழுதுபோக்கின் பக்கம் வருகிறவர்கள் பலர், "பருவம் முடியப்போகிறதே, ஒரு தடவையாவது போய்ப் பார்க்கலாம்" என்று இந்தக் கடைசி நாட்களில்தான் கிளம்புகிறார்கள். தப்பில்லை. மலையோரத்து பிர்ச் மரங்கள் மஞ்சளாகி, ஆற்றில் மீன் நிறைந்து கிடக்கும் காலம் அது. ஆனால் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அக்டோபரில் டே ஆற்றில் இருக்கும் சால்மன்களில் பெரும்பாலானவை இன்னும் சில வாரங்களில் முட்டையிடப் போகிறவை. அதனால் மீனைப் பிடிப்பதை விட, பிடித்த மீனைச் சேதமில்லாமல் திரும்ப விடுவதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தேதியும் கிழமையும்

ஸ்காட்லாந்தில் எல்லா ஆற்றுக்கும் ஒரே நாளில் பருவம் முடிவதில்லை. ஸ்பே ஆறு செப்டம்பர் 30 அன்றே மூடிவிடும். டீ ஆறு, டே ஆறு இரண்டும் அக்டோபர் 15. தெற்கே ட்வீட் நவம்பர் 30 வரை திறந்திருக்கும். அந்தந்த ஆற்றுக்கு மீன் வரும் காலம், முட்டையிடும் காலம் இவற்றை வைத்து ஏற்பட்ட வேறுபாடு இது. எனவே நண்பர் ஒருவர் "போன நவம்பரில் பிடித்தேன்" என்றால், எந்த ஆறு என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்காட்லாந்து முழுவதும் சால்மனுக்குத் தூண்டில் போடக்கூடாது. இது சட்டம். அக்டோபர் 15 ஞாயிறாக வந்தால் பருவம் சனிக்கிழமையே முடிந்துவிடும். 2023ல் அப்படித்தான் ஆனது, 2028லும் அப்படி வரும். விடுமுறைக்கு விண்ணப்பிக்கும் முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.

அனுமதி வாங்குவது

இங்கிலாந்தில் இருந்து போகிறவர்களுக்குக் குழப்பம் வரும் இடம் இது. இங்கிலாந்தில் தூண்டில் போட அரசு உரிமம் வேண்டும். டே ஆற்றுக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. அதற்காக யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை ஒரு சொத்து. கரையில் நிலம் ஒருவருக்கும், அந்த இடத்து மீன் உரிமை இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போடுவது குற்றம்.

ஆறு 'பீட்' என்று துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பீட்டில் ஒரு நாளைக்கு இத்தனை தூண்டில் என்று கணக்கு. ஃபிஷ்பால் போன்ற இணையதளங்களில் எந்த பீட்டில் எந்த நாள் காலியாக இருக்கிறது என்று பார்த்துப் பணம் கட்டலாம். உள்ளூர்ச் சங்கங்கள் நாள் சீட்டு தருவதும் உண்டு, அது மலிவு. கீழ் டேயில் நல்ல பீட்டுகளின் கடைசி வாரம் விலை கூடுதலாக இருக்கும். வருடா வருடம் வருகிறவர்கள் முன்பே பிடித்து வைத்திருப்பார்கள். யாராவது கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் அந்த இடம் காலியாகும். ஆகவே செப்டம்பர் கடைசியில் தினமும் ஒரு கண் வைத்திருங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: 'கில்லி' இருக்கும் பீட்டாகப் பாருங்கள். கில்லி என்றால் அந்தத் துண்டு ஆற்றைப் பார்த்துக்கொள்பவர், வந்தவர்களுக்கு வழிகாட்டுபவர். எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் படுத்திருக்கும், எந்த இடத்தில் கால் வைத்தால் வழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பல பீட்டுகளில் கோலும் ரீலும் அவரிடமே கிடைக்கும். முதல் நாளுக்கே கடையில் போய்ப் பெரும்பணம் செலவழிக்க வேண்டாம். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அங்கே அதுதான் மரியாதை. புதியவர் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது கையில் கொஞ்சம் அன்பளிப்பு தருவது வழக்கம்.

சாமான்கள்

டே அகலமான ஆறு. அதனால் இரண்டு கையாலும் பிடிக்கும் 15 அடிக் கோல் சாதாரணம். பின்னால் மரம் இருக்கும் கரையில் நூலைப் பின்பக்கம் வீச முடியாது. நீர்மேலேயே நூலைச் சுழற்றி முன்னால் வீசும் முறையை ஸ்பே ஆற்றில் உருவாக்கினார்கள், பெயரும் அதுவே: ஸ்பே காஸ்ட். ஒரு மணி நேரம் கில்லியோ ஒரு பயிற்சியாளரோ சொல்லிக் கொடுத்தால் மீன் இருக்கும் தூரத்துக்குப் போடும் அளவுக்கு வந்துவிடும். அழகாக வர வருடங்கள் ஆகும், அது பரவாயில்லை.

ஃப்ளை என்பது முள்ளில் மயிரும் இறகும் கட்டிச் செய்த போலி இரை. அக்டோபரில் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் நிறங்கள்தான் எடுபடும். அலீஸ் ஷ்ரிம்ப், கேஸ்கேட் என்ற இரண்டும் இல்லாத பெட்டியை அங்கே பார்ப்பது அரிது. இரண்டையும் உருவாக்கியவர் டே பகுதிக்காரரான அலி கோவன்ஸ். ஆற்றுக்குள் வந்த சால்மன் எதையும் தின்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே மாதக்கணக்கில் காலம் தள்ளும். பிறகு ஏன் ஃப்ளையைக் கவ்வுகிறது? கோபமா, பழக்கமா, கடல் ஞாபகமா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பருவ முடிவில் ஆண்மீன்கள் இடத்துக்காகச் சண்டை போடும் மனநிலையில் இருப்பதால், கண்ணைப் பறிக்கும் நிறம் முன்னால் போனால் சீறி வருகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முள் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கி விடுங்கள். மும்முள் வேண்டாம், ஒற்றையோ இரட்டையோ போதும். வலை முடிச்சில்லாத, மெத்தென்ற வலையாக இருக்கட்டும். முடிச்சுள்ள வலை மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பைச் சுரண்டிவிடும். அது போனால் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய நரம்பும் வேண்டாம். 15 பவுண்டுக்குக் குறையாத இழுவையைத் தாங்கும் தங்கூசி (நைலான் நரம்பு) போடுங்கள். நரம்பு மெல்லியதாக இருந்தால் மீனை மெதுவாக இழுக்க வேண்டிவரும். அவ்வளவு நேரம் போராடிய மீன் களைத்துப்போய், விட்ட பிறகும் பிழைக்காமல் போகலாம்.

மார்பு வரை வரும் 'வேடர்' (தண்ணீர் புகாத கால்சட்டை), இடுப்பில் இறுக்கமாக ஒரு வார், ஊன்றுகோல், தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கி, கண்ணைக் காக்க ஒரு கண்ணாடி. இவற்றில் ஒன்றையும் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

வெளிநாட்டு ஆறு ஏதாவதில் பயன்படுத்திய சாமான்களைக் கொண்டு போகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம். கைரோடாக்டிலஸ் சாலாரிஸ் என்ற ஒட்டுண்ணி நார்வேயில் பல ஆறுகளின் சால்மன் குஞ்சுகளை அழித்தது. பிரிட்டனுக்குள் அது இன்னும் நுழையவில்லை. ஈரமான வேடரிலும் வலையிலும் அது உயிரோடு பயணம் செய்யும். எல்லாவற்றையும் 20 டிகிரிக்குக் குறையாத சூட்டில் குறைந்தது இரண்டு நாள் முழுக்கக் காயவைத்துக் கொண்டு போங்கள். பல பீட்டுகளில் இதற்கு எழுத்தில் உறுதி கேட்பார்கள்.

தண்ணீரைப் பார்ப்பது

அக்டோபரில் மழை வரும், ஆறு ஏறும், இறங்கும். ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான சீபா ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே பார்த்துப் பழகுங்கள். ஏறிக்கொண்டிருக்கும் தண்ணீரில் மீன் மேலே போவதிலேயே குறியாக இருக்கும், ஃப்ளையைச் சட்டை செய்யாது. வெள்ளம் உச்சம் தொட்டு வடியத் தொடங்கி, கலங்கல் தெளிந்து, பால் விடாத தேநீர் நிறத்துக்கு வரும்போதுதான் வாய்ப்பு. அந்த நிறம் மலைமேல் இருக்கும் கரிச்சதுப்பில் இருந்து வருவது, அழுக்கில்லை.

டேயில் வந்து சேரும் டம்மல் போன்ற கிளை ஆறுகளில் நீர்மின் திட்டங்கள் இருக்கின்றன. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும், அணையில் இருந்து தண்ணீர் விட்டால் மட்டம் ஏறலாம். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொண்டு அவ்வப்போது பாருங்கள். கல் மூழ்கத் தொடங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

விழுந்துவிட்டால்? மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, தலையை மேலே வைத்து மிதந்து கரைப்பக்கம் ஒதுங்குங்கள். எழுந்து நிற்கப் பதறினால் கால் பாறை இடுக்கில் சிக்கும். இதைக் கரையில் நிற்கும்போதே மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடுவில் இறங்கிய பிறகு

மடுவின் தலைப்பில் தொடங்குங்கள். நூலை எதிர்க்கரை நோக்கிச் சாய்வாக, ஓட்டம் போகும் பக்கமாக வீசுங்கள். ஓட்டமே அதை வளைத்து உங்கள் பக்கக் கரைக்குக் கொண்டுவரும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். கரைக்கு வந்ததும் இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி வீசுங்கள். இப்படியே மடுவின் வால் வரை போய், வெளியே வந்து, திரும்பத் தலைப்புக்கு நடந்து வர வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று ஒரே இடத்தில் நின்றுகொண்டால் பின்னால் வருகிறவர் காத்துக் கிடப்பார். ஏற்கெனவே ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் அவருக்கு மேலே, இடைவெளி விட்டு இறங்குங்கள். கீழே போய் முன்னால் நின்றுவிடாதீர்கள். ஆற்றங்கரையில் சண்டை வருவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

அக்டோபரின் தொல்லை இலை. காற்று அடித்தால் ஒவ்வொரு வீச்சிலும் முள்ளில் ஓர் இலை வரும். சலிக்காமல் எடுத்துவிட்டு வீசுங்கள். இலையோடு இழுபடும் ஃப்ளையை மீன் சீண்டாது.

மீன் கவ்வும்போது பெரும்பாலும் வெட்டென்று இழுக்காது. நூல் ஏதோ கனத்தில் மாட்டியது போல நிற்கும், பிறகு மெல்ல நகரும். அந்த நொடியில் கோலை வெடுக்கென்று தூக்கத் தோன்றும். தூக்காதீர்கள். மீன் திரும்பி நூலை இறுக்கட்டும், அப்புறம் கோலை நிதானமாக உயர்த்துங்கள். முள் தாடையின் ஓரத்தில் போய் உட்காரும். தொண்டைக்குள் போகாமல் ஓரத்தில் மாட்டினால்தான் விடுவது சுலபம்.

மீன் வலைக்குள் வந்ததும்

இனிமேல் சொல்வதை இரண்டு தடவை படியுங்கள்.

வலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். மீனின் தலை ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள், செவுளுக்குள் தண்ணீர் போக வேண்டும். கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை வழுவழுப்பை உரித்துவிடும். இடுக்கியால் முள்ளை வந்த வழியிலேயே திருப்பி எடுங்கள். எதிர்முள் இல்லாததால் சட்டென்று வந்துவிடும். ஆழமாக மாட்டியிருந்தால் நோண்டாமல் நரம்பை முள்ளை ஒட்டி வெட்டிவிடுங்கள். வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவே கூடாது, முதுகெலும்பும் உள்ளுறுப்புகளும் அந்தக் கனத்தைத் தாங்காது. கரையில் கல் மேல் இழுத்துப் போடுவதும் அதே அளவு கேடு.

அந்த மீனைக் கொஞ்சம் பாருங்கள். ஆண்மீன் என்றால் செம்பும் கறுப்புமாக, உடம்பெங்கும் சிவப்புத் திட்டோடு இருக்கும். கீழ்த்தாடை நீண்டு மேல்நோக்கிக் கொக்கிபோல வளைந்திருக்கும். பெண்மீன் கறுத்து, வயிறு தொங்கலாக, கை பட்டால் மெத்தென்று இருக்கும். அந்த வயிற்றை அழுத்தாதீர்கள். உள்ளே மீனின் எடையில் கிலோவுக்கு ஆயிரத்துக்கும் மேல் முட்டை இருக்கும். எப்போதாவது வெள்ளிபோல மின்னும் மீனும் வரும், வால்பக்கம் கடல் பேன் ஒட்டியிருக்கும். அந்தப் பேன் நல்ல தண்ணீரில் அதிக நாள் தாங்காது என்பதால், மீன் கடலில் இருந்து இப்போதுதான் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

படம் எடுக்க வேண்டும் என்றால், எடுப்பவர் கேமராவுடன் தயாராக இருக்கும்போது மட்டும், மீனை வலையின் மேலேயே நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் உயர்த்தி உடனே இறக்குங்கள். தண்ணீரிலேயே வைத்து எடுத்த படம்தான் எனக்குப் பிடிக்கும், துடுப்பு விரிந்து அழகாக இருக்கும். எடை போடாதீர்கள். கோலில் ஓர் அடையாளம் வைத்து நீளத்தை மட்டும் அளந்தால் போதும். 30 அங்குல மீன் ஏறக்குறைய 10 பவுண்டு இருக்கும்.

பிறகு ஒரு கையால் வால் அடியையும் மறு கையால் வயிற்றுக்குக் கீழேயும் தாங்கி, மிதமான ஓட்டத்தில் தலையை மேல்திசைக்கு வைத்துக் காத்திருங்கள். ஒரு நிமிடம் ஆகலாம், ஐந்து நிமிடம் ஆகலாம். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். செவுள் சீராகத் திறந்து மூடும். அப்புறம் வால் உங்கள் கையை உதறும். அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை விடாதீர்கள். அவசரப்பட்டு விட்டால் மல்லாந்து போய்விடும்.

"இவ்வளவு செலவு செய்து போய்ப் பிடித்து, குழம்புக்கு ஒரு துண்டுகூடக் கிடையாதா?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஸ்காட்லாந்து ஆறுகள் மீன்வளத்தை வைத்து மூன்று தரமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாம் தரத்தில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளக்கூடாது. மற்ற ஆறுகளிலும் அந்தந்த மீன்வள வாரியமும் பீட்டும் தனி விதி வைத்திருக்கும். முட்டையிடத் தயாரான மீனை எந்த ஆற்றிலும் எடுக்கக்கூடாது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பதும் குற்றம். கடையில் நாம் வாங்கும் அட்லாண்டிக் சால்மன் பண்ணையில் வளர்ந்தது. குழம்புக்கு அதை வாங்கிக்கொள்ளலாம். 2023ல் ஸ்காட்லாந்து முழுவதும் தூண்டிலில் பிடிபட்ட காட்டு சால்மன் சுமார் 32,500 மட்டுமே. 1952ல் கணக்கெடுக்கத் தொடங்கியதில் இருந்து அதுவரை அதுதான் மிகக் குறைவு. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் சால்மன் அழிவு ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. இந்த நிலையில் அக்டோபர் மாதத்துப் பெண்மீன் ஒன்றைக் கொல்வதற்கு எந்தக் காரணமும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

காலம் எப்படி மாறியிருக்கிறது என்பதற்கு டே ஆற்றிலேயே சாட்சி உண்டு. 1922 அக்டோபர் 7 அன்று, பருவம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, கேப்புத் ஊருக்கு அருகே கிளென்டெல்வின் பீட்டில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண் தன் தந்தையோடு படகில் இருந்து 64 பவுண்டு சால்மன் ஒன்றைப் பிடித்தார். ஏறத்தாழ 29 கிலோ. இருட்டும் வரை, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இழுத்தது. தூண்டிலில் பிடித்த சால்மனில் பிரிட்டனின் சாதனை இன்றும் அதுதான். மீன் பெர்த் மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளுக்கு உணவானது. அன்று அது நல்ல காரியம். இன்று அதே மீன் கிடைத்தால் நீளம் அளந்து விட்டுவிடத்தான் வேண்டும்.

பருவம் முடிந்த பிறகு

கடைசி நாள் சாயங்காலம் கில்லியிடம் எத்தனை மீன், என்ன நீளம், விட்டீர்களா என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். பீட் உரிமையாளர்கள் இந்தக் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். மேலே சொன்ன எண்ணிக்கை எல்லாம் இப்படி வந்ததுதான். அடுத்த வருடம் இதே நாள் வேண்டும் என்றால் அப்போதே கேட்டுவிடுங்கள், இந்த வருடம் வந்தவர்களுக்கு முதல் உரிமை தருவது பல இடங்களில் வழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் வேடரை உள்ளும் புறமும் காயவைத்துத் தொங்கவிடுங்கள், மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும். கோலின் துண்டுகளைப் பிரித்துத் துடைத்து வையுங்கள். ஈர ஃப்ளைகளைப் பெட்டியில் மூடி வைத்தால் முள் துருப்பிடித்துவிடும்.

குளிர்காலத்திலும் தூண்டில் போட ஆசை இருந்தால் டே, ஐலா ஆறுகளில் கிரேலிங் என்ற மீன் இருக்கிறது. டிரௌட் மீனுக்கும் அக்டோபர் 6 அன்றே பருவம் முடிந்துவிடும், கிரேலிங்குக்கு அப்படி இல்லை. அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். நவம்பர், டிசம்பரில் ஆழமில்லாத சரளையில் கால் வைக்காதீர்கள். சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கறுத்திருக்க, நடுவில் மட்டும் கழுவி விட்டது போல வெளுத்த சரளைத் திட்டு தெரிந்தால் அது சால்மன் வாலால் தோண்டி முட்டையிட்டு மூடிய இடம். நாயையும் அங்கே இறங்க விடாதீர்கள்.

தூண்டில் இல்லாமல் பார்ப்பதற்கும் இதுதான் காலம். டன்கெல்டுக்குப் பக்கத்தில் பிரான் ஆற்றில் ஹெர்மிடேஜ் அருவி, ஆல்மண்ட் ஆற்றில் புக்கான்டி ஸ்பவுட் ஆகிய இடங்களில் அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும், மழை பெய்து ஓய்ந்த மறுநாள், சால்மன் அருவியை எதிர்த்துத் துள்ளுவதைப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் பாறை விளிம்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு இடத்திலும் பாறை வழுக்கும்.